2147483647 என்ற பகா எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண் இது. சுருக்கமாக 2³¹ − 1. கீழே "நம் எண்" என்று வரும் இடமெல்லாம் இதையே குறிக்கும். "மீதிக் கணக்கு" என்றால், ஒவ்வொரு படியிலும் விடையை நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் கணக்கு.

பத்து இலக்கப் பகா எண்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. இதற்கு மட்டும் ஏன் தனிப் பக்கம்?

இதன் இரண்டு பக்கத்து எண்களையும் பாருங்கள். வலப்பக்கம் 2147483648, அது 2³¹, இரண்டைத் தவிர வேறு காரணியே கிடையாது. இடப்பக்கம் 2147483646, அது 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. மிகப் பெரிய காரணியே 331-தான். இந்த அளவிலுள்ள ஒரு பகா எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அதன் பக்கத்து எண்களில் பெரும்பாலும் ஐந்தாறு இலக்கமோ அதற்கு மேலோ உள்ள ஒரு பெரிய பகாக் காரணி ஒளிந்திருக்கும். இங்கே இரண்டு பக்கமும் சிறு துண்டுகளாக உடைகின்றன. வலப்பக்கத்து எண் கணக்கை எளிதாக்குகிறது. இடப்பக்கத்து எண் நிரூபணத்தை எளிதாக்குகிறது, கூடவே ரகசியக் குறியீட்டுக்கு இந்த எண்ணைத் தகுதியற்றதாகவும் ஆக்குகிறது. கீழே வரும் விடைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு உண்மைகளிலிருந்தே பிறக்கின்றன.

இடப்பக்கத்தைக் காரணிப்படுத்த கணினி வேண்டியதில்லை. 2147483646 = 2 × (2³⁰ − 1). அடைப்புக்குள் இருப்பது இரு வர்க்கங்களின் வித்தியாசம்: (2¹⁵ − 1) × (2¹⁵ + 1), அதாவது 32767 × 32769. முதலாவது 7 × 31 × 151. இரண்டாவது 9 × 11 × 331.

அடுக்கு 31 பகா எண் என்பதால்தான் 2³¹ − 1 பகா எண் ஆனதா?

இல்லை. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் கட்டாயம் பகு எண்தான்; 2¹⁵ − 1 = 32767-ஐ இப்போதுதான் உடைத்தோம். ஆனால் மறுதலை உண்மையல்ல. 11 பகா எண்; 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருப்பது வாசலில் நுழையும் அனுமதி மட்டுமே. 2, 3, 5, 7, 13, 17, 19, 31 ஆகிய அடுக்குகள் பகா எண்களைத் தருகின்றன. இப்படிக் கிடைப்பவற்றை மெர்சென் பகா எண்கள் என்கிறோம்; நம் எண் வரிசையில் எட்டாவது.

இது பகா எண் என்று முதலில் காட்டியவர் யார்?

லியோன்ஹார்ட் ஆய்லர். பெர்னூலி குடும்பக் கணிதவியலாளர் ஒருவருக்கு எழுதிய கடிதம் வழியாக 1772-இல் இது வெளியானது. அதற்கு முன்பே இத்தாலியின் கட்டால்டி 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண் தரும் என்று சொல்லியிருந்தார். நான்கில் 31 மட்டுமே சரி. 2²³ − 1 எண் 47-ஆல் வகுபடும், 2²⁹ − 1 எண் 233-ஆல், 2³⁷ − 1 எண் 223-ஆல். மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. அவரும் நிரூபணம் தரவில்லை.

1867-இல் லாந்த்ரி 3203431780337-ஐக் கண்டுபிடிக்கும் வரை, அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் இதுதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். இடையில் 1811-இல் பீட்டர் பார்லோ, இந்த வகை எண்களால் பயன் ஏதுமில்லை என்பதால் இதைவிடப் பெரியதைத் தேட யாரும் முனையமாட்டார்கள் என்ற பொருள்பட எழுதினார். தேடல் இன்றும் நிற்கவில்லை.

கணினி இல்லாத காலத்தில் ஆய்லர் இதை எப்படிச் சாதித்தார்?

நம் எண்ணின் வர்க்கமூலம் 46340.95. ஆகவே 46340 வரையுள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுபடாது என்று காட்டினால் போதும். அந்த எல்லைக்குள் 4792 பகா எண்கள் உள்ளன. பேனாவும் தாளும் வைத்துச் செய்ய அது பெருஞ்சுமை. வகுக்க வேண்டிய எண்களை முன்கூட்டியே வடிகட்டியதுதான் இங்கே சூட்சுமம்.

முதல் வடிகட்டி: வ என்ற பகா எண் 2³¹ − 1-ஐ வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 2³¹-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 1. மீதி 1 தரும் மிகச் சிறிய அடுக்கு 31-ஐ வகுக்க வேண்டும்; 31 பகா எண், அடுக்கு 1 ஆகவும் முடியாது, எனவே அது 31-தான். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி வ − 1 என்ற அடுக்கும் மீதி 1 தரும். ஆகவே வ − 1 எண் 31-இன் மடங்கு. வ ஒற்றை எண் என்பதால் 62-இன் மடங்கு.

இரண்டாம் வடிகட்டி: 2³²-ஐ வ-ஆல் வகுத்தால் மீதி 2. 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது வ-ஆல் வகுத்து மீதி எடுக்கும் கணக்கில் 2 ஒரு வர்க்க எண். வ-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும்போது மட்டுமே இது நடக்கும்.

இரண்டையும் சேர்த்தால், வ-ஐ 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க முடியும். 46340-க்குள் முதல் வகையில் 1-ஐ விட்டால் 186 எண்கள், இரண்டாம் வகையில் 63-ஐ விட்டால் 186 எண்கள், மொத்தம் 372. அவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள்: 249 மூன்றால் போகும், 497 ஏழால், 559 பதின்மூன்றால். 248-ஆல் வகுக்கும்போது பகா எண்கள் ஏறத்தாழச் சமமாகப் பரவி நிற்கும் மீதிகள் 120. நமக்கு வேண்டியவை அவற்றில் 2. எனவே 4792-இல் அறுபதில் ஒரு பங்கு, சுமார் 80 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் வேலை முடிந்தது.

தொடக்கம் இப்படி இருக்கும்: 311-ஆல் வகுத்தால் மீதி 35; 1303-ஆல் 226; 1489-ஆல் 199. பிறகு 2543, இப்படியே மேலே.

இதை நானே கையால் செய்து பார்க்கச் சிறிய உதாரணம் உண்டா?

உண்டு, பள்ளி மாணவரே செய்யலாம். 2¹³ − 1 = 8191. வர்க்கமூலம் 90.5. வகுத்தி 26-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும்: 27, 53, 79. எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும்: 27-க்கு 3, 53-க்கு 5, 79-க்கு 7. ஆக 79 மட்டும் மிச்சம். 8191 = 79 × 103 + 54. ஒரே ஒரு வகுத்தலில் 8191 பகா எண் என்று நிரூபணமாகிவிட்டது.

அடுத்த படி 2¹⁷ − 1 = 131071. எல்லை 362. வடிகட்டியபின் 103, 137, 239, 273 நிற்கும். 273 மூன்றால் வகுபடும் என்பதால் அதை விடலாம். மீதிகள் முறையே 55, 99, 99. எதுவும் பூச்சியமில்லை.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, எட்டின் வடிகட்டியை வகுத்திக்குப் பதில் பெருக்கும் மடங்கின் மேல் போடுவது. 26 × 3 + 1 = 79 என்றால் எட்டால் வகுக்க வேண்டியது 79-ஐ; 3-ஐ அல்ல.

லூக்காஸ்–லெமர் சோதனை என்கிறார்களே, அது என்ன?

2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் மெர்சென் எண்களுக்கென்றே அமைந்த சோதனை. வலப்பக்கத்து எண் இரண்டின் தூய அடுக்காக இருப்பதே இதற்கு உயிர். 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் இருப்பதை வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். அடுக்கு ப என்றால் இதை ப − 2 முறை செய்ய வேண்டும். கடைசியில் 0 வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண். அடுக்கு 2-க்கு மட்டும் இது பொருந்தாது.

127-க்கு, அதாவது அடுக்கு 7-க்கு: 4, 14, 67, 42, 111, 0. ஐந்து படிகள், பகா எண். 2047-க்கு ஒன்பது படி போனால் 1736-இல் நிற்கும், பகு எண். ஆனால் 23, 89 என்ற காரணிகளைப் பற்றி இந்தச் சோதனை வாயே திறக்காது. பகு எண் என்று மட்டும் சொல்லும்.

நம் எண்ணுக்கு 29 படிகள். தொடக்கம்: 4, 14, 194, 37634, 1416317954, 669670838. முடிவு: 28-ஆம் படியில் 65536, 29-ஆம் படியில் 0. கடைசித் தாவலை மனத்திலேயே சரிபார்க்கலாம். 65536 என்பது 2¹⁶. அதன் வர்க்கம் 2³². 2³¹-இன் மீதி 1 என்பதால் 2³²-இன் மீதி 2. அதில் 2 போனால் 0.

நான் நிரல் எழுதினேன். 0-க்குப் பதில் 2 வருகிறது. ஏன்?

படிகளை அதிகம் ஓட்டிவிட்டீர்கள். 0 வந்த பிறகு அடுத்த படி 0 − 2, மீதிக் கணக்கில் 2147483645. அதற்கடுத்த படியில் 4 − 2 = 2. பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் 2-தான். எனவே 2147483645 வந்தால் ஒரு படி அதிகம். 2 வந்தால் இரண்டோ அதற்கு மேலோ அதிகம். 29 படிகளை 31 என்று எழுதிவிடுவதே பெரும்பாலும் காரணம்.

ஐந்தாம் படியிலிருந்து எண்களே அடையாளம் தெரியாமல் மாறிப்போனால் சிக்கல் வேறு: பெருக்கல் வழிந்துவிட்டது. 1416317954-இன் வர்க்கம் 61 பிட் (இரும இலக்கம்) பிடிக்கும். 32 பிட் மாறியில் அது அடங்காது. மேலே கொடுத்த 669670838 உங்களுக்கும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெருக்கலும் வகுத்தலும் சரி.

ஃபெர்மா சோதனையை 2 என்ற அடிமானத்தோடு போட்டால் போதாதா?

போதாது. அடிமானத்தை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே ஃபெர்மா சோதனை. மெர்சென் எண்களைப் பொறுத்தவரை, அடிமானம் 2 என்றால் அந்தச் சோதனைக்கு மதிப்பே இல்லை. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 2-ஐ அடிமானமாகக் கொண்ட சோதனையில் எல்லா மெர்சென் எண்களும் தேறிவிடும், பகு எண்கள் உட்பட. 2047-ஐப் பாருங்கள்: 2¹¹-இன் மீதி 1, 2046 என்பது 11-இன் மடங்கு, எனவே 2-இன் 2046-ஆம் அடுக்கும் மீதி 1 தரும். ஆனால் 2047 பகு எண். குறைந்தபட்சம் அடிமானம் 3-க்கு மாற வேண்டும்.

ஃபெர்மா சோதனையின் கடுமையான வடிவமான மில்லர்–ராபின் சோதனையைப் போடுகிறீர்கள் என்றால், 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களும் சேர்ந்து 3215031751-க்குக் கீழுள்ள எல்லா எண்களுக்கும் பிழையற்ற விடை தரும். நம் எண் அந்த எல்லைக்குள் வருகிறது. இடப்பக்கத்து எண்ணில் 2 ஒரே முறைதான் காரணியாக வருவதால், ஒவ்வொரு அடிமானத்தையும் 1073741823-ஆம் அடுக்குக்கு உயர்த்தி, மீதி 1 அல்லது −1 (அதாவது 2147483646) என்று பார்த்தால் முடிந்தது. 2-க்கு 1 வரும்; 3, 5, 7 மூன்றுக்கும் −1 வரும்.

பிறர் நம்பும்படி சிறிய சான்று ஒன்று தர முடியுமா?

முடியும், இங்கே கைகொடுப்பது இடப்பக்கத்து எண். 7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 2147483646-ஆம் அடுக்கு மீதி 1 தருகிறதா என்று பாருங்கள். தரும். பிறகு 2147483646-ஐ அதன் பகாக் காரணிகள் 2, 3, 7, 11, 31, 151, 331 ஒவ்வொன்றாலும் தனித்தனியே வகுத்து, 7-ஐ அந்த ஏழு அடுக்குகளுக்கும் உயர்த்துங்கள். ஏழிலும் மீதி 1 வரக்கூடாது. வராது. அத்துடன் நிரூபணம் முற்றுப்பெறுகிறது.

இதன் பொருள், 7-இன் அடுக்குகளை வரிசையாக எடுத்தால் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒரு முறை வந்த பிறகே சுற்று மீண்டும் தொடங்கும். இப்படி எல்லாவற்றையும் பிறப்பிக்கும் எண்கள் மொத்தம் 53 கோடியே 46 லட்சம். அவற்றில் மிகச் சிறியது 7. இரண்டோ படுமோசம்: அதன் அடுக்குகள் 31 எண்களுக்குள்ளேயே சுற்றி வருகின்றன.

நம் எண்ணால் வகுத்து மீதி எடுக்க, வகுத்தலே தேவையில்லை என்பது உண்மையா?

உண்மை. ஒன்பதால் வகுத்த மீதிக்கு இலக்கங்களைக் கூட்டுவோமே, அதே தந்திரம். அங்கே 10-இன் மீதி 1. இங்கே 2³¹-இன் மீதி 1. ஆகவே எண்ணை 31 பிட் துண்டுகளாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் போதும்.

500 கோடியை எடுங்கள். அதில் 2147483648 இரண்டு முறை அடங்கும், மிச்சம் 705032704. மேல் துண்டு 2, கீழ்த் துண்டு 705032704, கூட்டினால் 705032706. அதுவே மீதி. நிரலில் இது மூன்று செயல்கள்: கீழ் 31 பிட்டை மட்டும் நிறுத்துதல், எண்ணை 31 பிட் வலப்பக்கம் தள்ளுதல், இரண்டையும் கூட்டுதல்.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, கூட்டிய விடை நம் எண்ணுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ வரலாம். அப்போது ஒரு முறை கழிக்க வேண்டும். சமமாக வந்ததை அப்படியே விட்டால், பூச்சியத்துக்கு இரண்டு உருவங்கள் வந்துவிடும், ஒப்பீடுகள் பொய்க்கும். இரண்டு, பெருக்கற்பலனைக் கட்டாயம் 64 பிட்டில் வைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்கள் 9007199254740991 வரைதான் பிசகாமல் இருக்கும். நம் எண்ணளவு உள்ள இரண்டின் பெருக்கற்பலன் அதைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு போகும். பைத்தானில் இந்தக் கவலை இல்லை. மூன்று, 32 பிட் குறியுள்ள மாறியில் கடைசிக் கூட்டலைச் செய்தால் அதுவும் வழியலாம்.

சோதித்துப் பார்க்க நல்ல உள்ளீடு 2147483646-இன் வர்க்கம். மேல் துண்டு 2147483644, கீழ்த் துண்டு 4, கூட்டல் 2147483648, ஒரு கழித்தலில் 1. மீதிக் கணக்கில் அந்த எண் −1 என்பதால் வர்க்கம் 1-ஆகத்தான் வர வேண்டும்.

இதே காரணத்தால், மீதிக் கணக்கில் 2-ஆல் பெருக்குவது என்பது 31 பிட்டுகளையும் ஓரிடம் சுழற்றுவதுதான். எண்ணை மாலைபோல் வட்டமாகக் கோத்துத் திருப்புவதாக நினைத்துக்கொள்ளலாம்.

மீதிக் கணக்கில் வர்க்கமூலம் எடுப்பது எப்படி?

பிற பகா எண்களில் இதற்கு நீண்ட வழிமுறை தேவைப்படலாம். இங்கே எண்ணை 29 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால் அதன் வர்க்கமூலம் வந்து நிற்கும். வர்க்கமூலத்துக்கு உயர்த்த வேண்டிய அடுக்கு வலப்பக்கத்து எண்ணில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2²⁹. நம் எண்ணின் குணங்களில் மிக அழகானது இதுதான்.

2-இன் வர்க்கமூலம் 65536. இதே எண்ணை லூக்காஸ்–லெமர் சோதனையின் கடைசிக்கு முந்தைய படியில் சந்தித்தோம். அங்கே அடுத்த படியில் 0 வர, அந்தப் படியின் வர்க்கம் 2-ஆக இருந்தே தீர வேண்டும்.

ஆனால் பாதி எண்களுக்கு வர்க்கமூலமே கிடையாது. 3 அப்படிப்பட்டது. அதற்கு இதே கணக்கைப் போட்டால் ஏதோ ஒரு விடை வரும். அது −3-இன் வர்க்கமூலமாக இருக்கும். எனவே வந்த விடையை ஒரு முறை வர்க்கப்படுத்திச் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

சமவாய்ப்பு எண் உருவாக்கிகளில் இந்த எண் ஏன் வருகிறது?

முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி நம் எண்ணால் வகுத்த மீதியை எடுப்பது ஒரு பழைய முறை. பார்க், மில்லர் இருவரும் 1988-இல் இதைக் குறைந்தபட்சத் தரமாக முன்வைத்தார்கள். 16807 என்பது 7⁵. 7 எல்லாவற்றையும் பிறப்பிக்கும் எண். இடப்பக்கத்து எண்ணில் 5 காரணியாக இல்லாததால் 7⁵-உம் அப்படியே. ஆகவே சுற்று 2147483646 எண்களைத் தொட்ட பிறகே திரும்பும்.

1-இல் தொடங்கினால்: 16807, 282475249, 1622650073, 984943658. பத்தாயிரமாவது எண் 1043618065. அது வரவில்லையென்றால் உங்கள் நிரலில் பிழை இருக்கிறது. சி++ மொழியின் தர நூலகத்தில் இந்தப் பெருக்கியும், பின்னர் பரிந்துரைக்கப்பட்ட 48271-உம் இருக்கின்றன. 48271-க்குப் பத்தாயிரமாவது எண் 399268537.

32 பிட் மட்டுமே உள்ள கருவியில் வழிதலைத் தவிர்க்க ஷ்ராஜின் வழி: 2147483647 = 16807 × 127773 + 2836. இருக்கும் எண்ணை 127773-ஆல் வகுங்கள். மீதியை 16807-ஆல் பெருக்கி, அதிலிருந்து ஈவு × 2836-ஐக் கழியுங்கள். விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் நம் எண்ணைக் கூட்டுங்கள்.

தொடக்க எண்ணாக 0 கொடுத்தால் காலமெல்லாம் 0-தான் வரும். 2147483647 கொடுத்தாலும் அதே கதி. கடவுச்சொல், பரிசுக் குலுக்கல் போன்றவற்றுக்கு இந்த முறையைத் தொடவே கூடாது. ஒரு எண் தெரிந்தால் அடுத்தவை எல்லாம் தெரிந்துவிடும்.

32 பிட் முழு எண்ணின் உச்சமும் இதுதானே? பகா எண் என்பதால் தேர்ந்தெடுத்தார்களா?

இல்லை. ஒரு பிட் குறிக்குப் போக, மீதி 31 பிட்டிலும் 1 நிரம்பினால் இந்த எண் வரும். அது பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 16 பிட்டின் உச்சம் 32767 பகு எண். 64 பிட்டின் உச்சமும் பகு எண், அது 7-ஆல் இரண்டு முறை வகுபடும். 8 பிட்டின் உச்சமான 127 பகா எண்.

1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை இத்தகைய மாறியில் எண்ணிவரும் கணினிகள் 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த விநாடி, மாறி வழிந்து 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். 64 பிட்டுக்கு மாறிய அமைப்புகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ரகசியக் குறியீட்டுக்குப் பயன்படுமா?

பயன்படாது. 31 பிட் என்பதே மிகச் சிறிது. அதற்கு மேல், இடப்பக்கத்து எண் சிறு துண்டுகளாக உடைவது கோட்டையையே திறந்துவிடுகிறது. 7-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினார்கள் என்பதே ரகசியம் என்று வைத்துக்கொள்வோம். போலிக்–ஹெல்மன் முறையில் அந்த அடுக்கை 2, 9, 7, 11, 31, 151, 331 ஆகியவற்றால் வகுத்த மீதிகளைத் தனித்தனியே கண்டுபிடித்து ஒட்டிவிடலாம். 200 கோடிக்கு மேற்பட்ட சாத்தியங்கள் இருந்த இடத்தில், அதிகபட்சம் 2 + 9 + 7 + 11 + 31 + 151 + 331 = 542 சாத்தியங்களைப் பார்த்தால் போதும்.

அருகிலுள்ள பகா எண்கள் எவை? இதற்கு இரட்டைப் பகா எண் உண்டா?

முந்தையது 2147483629, அடுத்தது 2147483659. இரண்டே வித்தியாசத்தில் நிற்கும் இரட்டை கிடையாது: 2147483645 ஐந்தில் முடிகிறது, 2147483649 மூன்றால் வகுபடும், ஈவான 715827883 பகா எண்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

முடியாது. நான்கால் வகுத்தால் மீதி 3.

இதிலிருந்து கிடைக்கும் நிறைவெண் எது?

தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தன்னையே தரும் எண் நிறைவெண்; 6 = 1 + 2 + 3 போல. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தரும். இங்கே அது 2³⁰ × 2147483647 = 2305843008139952128. பத்தொன்பது இலக்கம். பெருக்காமலே எழுதலாம்: 2⁶¹-இலிருந்து 2³⁰-ஐக் கழித்தால் போதும்.

2-ஐ 2147483647-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால் அதுவும் பகா எண்ணா?

ஆசை நியாயமானது. 31-உம் 2⁵ − 1 என்ற மெர்சென் பகா எண்தான். அதை அடுக்கில் ஏற்றித்தான் நம் எண் வந்தது. இன்னொரு படி ஏறினால் 64 கோடியே 64 லட்சத்து 56 ஆயிரத்து 993 இலக்கங்கள் கொண்ட எண் வரும். அது பகு எண். 295257526626031 அதை வகுக்கும்.

இந்தக் காரணியை நீங்களே சரிபார்க்கலாம். அந்த ராட்சத எண்ணை எழுத வேண்டியதே இல்லை. 2-ஐ வர்க்கப்படுத்தி, 2-ஆல் பெருக்கி, ஒவ்வொரு படியிலும் 295257526626031-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். அடுக்கின் இரும வடிவம் முழுவதும் 1 என்பதால் இதே படியை 30 முறை செய்தால் போதும். கடைசியில் 1 வரும். பெருக்கற்பலன்கள் 64 பிட்டைத் தாண்டும் என்பதால் இதைப் பைத்தானில் செய்வதே சுலபம். ஆய்லரின் முதல் வடிகட்டி இங்கேயும் பொருந்துகிறது: காரணியிலிருந்து 1-ஐக் கழித்தால் அது சரியாக 2147483647 × 137490.

இப்படி மெர்சென் பகா எண்ணையே அடுக்காக ஏற்றிப் பகா எண்ணாகத் தேறியவை இதுவரை நான்கே: 7, 127, நம் எண், 2¹²⁷ − 1. அடுத்து 13, 17, 19, 31 ஆகிய அடுக்குகள் தரும் மெர்சென் பகா எண்களை அடுக்கில் ஏற்றினால் நான்குமே பகு எண்கள். அதற்கடுத்தது 2⁶¹ − 1. அதை அடுக்கில் ஏற்றினால் வரும் எண்ணுக்கு இதுவரை காரணி எதுவும் அகப்படவில்லை. லூக்காஸ்–லெமர் சோதனையை ஓட்டலாமென்றால் படிகளின் எண்ணிக்கையே 2305843009213693949. 2024 அக்டோபரில் பகா எண் என்று அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1-க்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அதற்கு வேண்டிய படிகள் 13 கோடியே 62 லட்சத்துச் சொச்சம்தான்.